தம்பானூரிலிருந்து திருநெல்வேலிக்கு, நனையாமல்

1

ஓணம் வந்தால் நான் திருவனந்தபுரத்துக்கு வந்த நாளும் கூடவே வந்துவிடும். கல்யாணமான கையோடு, திருவோணத்துக்கு முந்தின நாள், ஒரு டிரங்குப் பெட்டியோடு தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினேன். ஊரே பூவாகக் கிடந்தது. நமக்காகத்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இருபது வயசு அப்படித்தான் நினைக்கும். போன ஓணத்தோடு அதற்கு இருபது வருஷம் முடிந்தது.

திருநெல்வேலியில் இருந்துகொண்டு இதைப் படிக்கிற உங்களுக்குச் சிரிப்பு வரலாம். ஐந்து மணி நேர பஸ் பயணம், இதற்குப் பேர் புலம்பெயர்வா என்று கேட்பீர்கள். கடல் தாண்டவில்லை, பாஸ்போர்ட் எடுக்கவில்லை, எல்லாம் சரிதான். ஆனால் இங்கே எந்த ஆபீசில் எந்தத் தாளை நிரப்பப் போனாலும் ‘வீட்டுப் பெயர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். மலையாளிகளுக்கு வீட்டுக்கு ஒரு பெயர் உண்டு. வாடகை வீட்டில் இருக்கிற எனக்கு ஏது? முதல் தடவை ரேஷன் ஆபீசில், “எங்க வீட்டுக்குப் பேரு கிடையாதுங்க” என்றேன். அந்த குமாஸ்தா என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டு வீட்டுச் சொந்தக்காரருடைய குடும்பப் பெயரை எழுதிக் கொடுத்தார். மூன்று வீடு மாறிவிட்டேன். அந்த முதல் வீட்டுச் சொந்தக்காரரும் செத்துப்போனார். அரசாங்கக் காகிதங்களில் நான் இன்னும் அவர் வீட்டுப் பெண்தான்.

அந்த இருபதாவது ஓண வாரத்தில்தான் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. தை மாதம் அவன் மகளுக்குக் கல்யாணம். அம்மையும் அப்பாவும் போன பிறகு எனக்கு அண்ணன் வீடுதான் பிறந்த வீடு. கடைசி வரியை மட்டும் பேனாவை அழுத்தி எழுதியிருந்தான்: “ஆறு வருஷமா சாக்குப்போக்கு சொல்லிட்டே. இதுக்கும் வராட்டா, எனக்குத் தங்கச்சி கிடையாதுன்னு நெனச்சுக்கிடுதேன்.”

ஆறு வருஷமாக நான் ஏன் போகவில்லை என்பதை இப்போது எழுதப்போகிறேன். கூச்சப்படுகிறவர்கள் இந்த இடத்திலேயே பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

2

எனக்கு ஒரே மகள், மீனா. பிறக்கும்போதே முரண்டு பிடித்தவள், ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். அதற்குப் பிறகு தும்மினால், இருமினால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால், விழுந்து விழுந்து சிரித்தால், எனக்கு ஒரு சொட்டு சிறுநீர் தானாக இறங்கும். முதலில் சொட்டு, பிறகு ஸ்பூன், பிறகு எவ்வளவு என்று நான் பார்ப்பதையே விட்டுவிட்டேன். தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு நான் டீச்சர். சாக்பீஸ் தூசி மூக்கில் ஏறினால் தும்மல் வரும். வகுப்பில் தும்மல் வரும்போதெல்லாம் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவேன். டீச்சருக்குத் தும்மினால் தலை சுற்றும் என்று பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கின்றன.

ஆறு வருஷத்துக்கு முன்னால் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, வள்ளியூருக்குப் பக்கத்தில் ஒரு மாடு குறுக்கே வந்தது. டிரைவர் சட்டென்று பிரேக் போட்டார். எனக்கு அந்த நேரம் பார்த்து இருமல். மொத்தமும் போய்விட்டது. இறங்கி ஓட இடமில்லை, ஓடினாலும் ஒதுங்க ஒரு கதவு கிடையாது. மடியில் இருந்த கூஜாவைத் திறந்து தண்ணீரை என் மேலேயே கவிழ்த்துக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருந்த அண்ணனிடம், “கூஜா கவிழ்ந்துட்டுண்ணே” என்றேன். அவன் பதறிப்போய்த் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தான். அந்தத் துண்டை வாங்கித் துடைத்துக்கொண்டு நின்றதை நினைத்தால் இன்றைக்கும் என் முகம் எரிகிறது.

அதோடு பஸ்ஸை விட்டேன். பரீட்சைத் தாள், காய்ச்சல், மீனாவுக்கு டியூஷன் என்று வருஷத்துக்கு ஒரு பொய் எழுதினேன். ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதும் காதுக்கு வந்தது. “அவ மலையாளத்துக்காரி ஆயிட்டா. நம்மள்லாம் கண்ணுக்குத் தெரிவோமா” என்று அண்ணன் மனைவி, என் மதினி, சொன்னாளாம். எனக்கும் ஆத்திரம் வந்தது. இருபது வருஷத்தில் அவள் ஒரு தடவையாவது என் வீட்டு வாசலை மிதித்திருக்கிறாளா? மீனா பெரியவளானபோது ஆள் அனுப்பியும் அவள் வரவில்லை, அண்ணன்தான் தனியாக வந்துவிட்டுப் போனான். அவளுக்குத்தான் நாங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்று நான் இங்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

3

அண்ணன் கடிதத்தை வைத்துக்கொண்டு அழுதேன். என் வீட்டுக்காரருக்குச் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடையில் வேலை. சாப்பிட வந்தவர் என்னைப் பார்த்துவிட்டுத் தட்டை ஒதுக்கி வைத்தார். அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னேன்.

“பதினஞ்சு வருஷமா இத எங்கிட்டச் சொல்லலியே நீ” என்றார்.

“எப்படிங்க சொல்ல?”

“இப்ப சொன்னியே, அப்படித்தான்.”

அடுத்த நாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஓ.பி. சீட்டு வாங்க ஒரு வரிசை. அதில் முத்திரை குத்த ஒரு வரிசை. அங்கேயும் ‘வீட்டுப் பெயர்’ கட்டம். ‘என்ன அசுகம்’, அதாவது என்ன நோய் என்று குமாஸ்தா கேட்டபோது பின்னால் முப்பது பேர் நின்றார்கள். “டாக்டர்ட்ட சொல்லிக்கிடுதேன்” என்றேன். எழுதாமல் சீட்டு தர மாட்டேன் என்றார் அவர். கடைசியில் ‘வயிற்று வலி’ என்று எழுத வைத்தேன். அந்தப் பொய்யால் தவறான வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றேன், யாரைக் குறை சொல்ல?

ஒருவழியாகப் பெண் டாக்டர் பார்த்தார். ஆபரேஷன் இருக்கிறது, ஆனால் அதற்கு முன்னால் நாலு மாதம் பயிற்சி செய்து பார்க்கலாம் என்று சொல்லி, பின்பக்கக் கட்டடத்தில் இருக்கிற பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார். அங்கேதான் மேரிக்குட்டி இருந்தாள். கோட்டயம் பக்கத்துப் பெண், முப்பது வயசுகூட இருக்காது. தமிழ்க்காரர்களிடம் பேசிப் பேசி அவள் மலையாளத்தில் பாதி நம் பேச்சாகியிருந்தது.

“நாணிக்கண்டா சேச்சி” என்றாள். வெட்கப்பட வேண்டாம் என்கிறாள். “பிரசவிச்ச பெண்ணுங்க எத்தனையோ பேருக்கு இது உண்டு. யாரும் சொல்ல மாட்டாங்க. எல்லாரும் தனக்கு மாத்திரம்தான்னு நினைக்கும்.”

இடுப்பு எலும்புக்குள் தரை விரித்தது போல ஒரு தசை இருக்கிறதாம். குழந்தை, மூத்திரப்பை எல்லாவற்றையும் தாங்குவது அதுதான். பிரசவத்தில் அது தளர்ந்துபோகும். காலும் கையும் போல அதற்கும் பயிற்சி கொடுத்தால் திரும்ப இறுகும். “மூத்திரத்தைப் பாதியில நிறுத்துற மாதிரி, உள்ளே மட்டும் மேல இழுக்கணும். வயிறு பிடிக்கண்டா, மூச்சு பிடிக்கண்டா, பின்பக்கம் இறுக்கண்டா” என்றாள். நான் வயிறு, மூச்சு, பின்பக்கம், கூடவே பல்லையும் சேர்த்துப் பிடித்தேன். அவள் சிரித்துவிட்டாள்.

அப்புறம் அலமாரியைத் திறந்து ஒரு கருவியை எடுத்தாள். வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்த டாக்டரம்மா ஒருவர் கொண்டு வந்து கொடுத்ததாம். கட்டைவிரலைவிடச் சற்றுப் பெரிய ரப்பர்க் குழல், அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய், குழாய் முனையில் கடிகாரம் மாதிரி ஒரு முள். குழலை உள்ளே வைத்துக்கொண்டு தசையை இறுக்கினால் முள் ஏறும். தளர்த்தினால் இறங்கும். இறுக்குகிறோமா இல்லையா என்று நமக்கே தெரியாத ஒன்றை முள் காட்டிக்கொடுத்துவிடும். வலிக்காமல் உள்ளே போவதற்கு ஒரு ட்யூபில் ஜெல்லி கொடுத்தாள். தண்ணீர் போல வழவழப்பாக, மணம் எதுவும் இல்லாமல் இருந்தது. முதல் நாள் முள் மூன்றாவது கோட்டில் கொஞ்சம் நின்று விழுந்தது. மூன்று எண்ணியதும் விட்டுவிட்டேன்.

“மூணு போதும், இன்னைக்கு. பத்தாகும்” என்றாள் மேரிக்குட்டி.

4

கருவி இரண்டுதான் இருந்தது. நான் டீச்சர் என்பதால் நம்பி, ரிஜிஸ்தரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, புது ரப்பர்க் குழல் மாட்டி ஒன்றை வீட்டுக்கே கொடுத்தாள். மாதம் ஒரு தடவை வந்து காட்ட வேண்டும். செய்முறையை ஒரு தாளில் கையால் எழுதித் தந்தாள். வீட்டுக்கு வந்து பிரித்தால் மொத்தமும் மலையாளம், அதுவும் கூட்டெழுத்து. இருபது வருஷத்தில் நான் பஸ் போர்டு வாசிப்பேன், பேப்பரில் தலைப்பு வாசிப்பேன். கையெழுத்து வாசிக்க வராது. வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான்.

மீனாவுக்குப் பதினைந்து வயசு. பள்ளிக்கூடம் மலையாளம், தோழிகள் மலையாளம், கனவும் மலையாளம்தான் என்று நினைக்கிறேன். தமிழில் என்னிடம் அவள் பேசுவது சோறு, துணி, காசு, இவ்வளவுதான். நான் டீச்சராக இருந்து ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், என் பெண் தன் பெயரைத் தமிழில் எழுத யோசிக்கிறாள். அவளிடம் போய் இந்தத் தாளை எப்படி நீட்டுவது? இரண்டு நாள் சமையலறை டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் நீட்டினேன்.

அவள் நின்றபடியே முழுதும் வாசித்தாள். முகம் மாறவில்லை. பிறகு உட்கார்ந்து, வரி வரியாகத் தமிழில் சொன்னாள். தடுக்கிய இடத்தில் கையால் காட்டினாள்.

“இதுல நாணப்பட என்ன உண்டு அம்மா? பயாலஜி புக்குல படம் உண்டே.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “நான் பிறந்ததுனாலயா இது?” என்று கேட்டாள்.

“நீ பிறந்ததுனால எனக்கு வந்தது நீ மட்டும்தான்” என்றேன். சொன்னது பொய், ஆனாலும் சொல்ல நன்றாக இருந்தது.

மறுநாளிலிருந்து அவள்தான் எனக்கு மணி அடிக்கிறவள். காலையில், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், படுக்கப் போகுமுன், மூன்று வேளை. நான் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பேன். வெளியே உட்கார்ந்து கணக்கு நோட்டைப் பார்த்துக்கொண்டே அவள் எண்ணுவாள்: “ஒந்நு, ரண்டு, மூந்நு, நாலு...” அவளுக்கு எண் மலையாளத்தில்தான் வரும். இரண்டு மாதத்தில் முள் பன்னிரண்டாவது கோட்டுக்கு ஏறியது. ஏழு எண்ணும் வரை பிடித்தேன். இதில் இன்னொரு லாபம், என் மகளின் குரலை ஒரு நாளைக்கு மூன்று வேளை கேட்டேன்.

5

அப்புறம் ஜெல்லி தீர்ந்தது. அதை விற்கிற மெடிக்கல் ஷாப் ஆயுர்வேதக் கல்லூரிச் சந்திப்புக்குப் பக்கத்தில் இருந்தது, கடைக்காரர் தாணு அண்ணாச்சி. நாகர்கோவில்காரர், என் வீட்டுக்காரரோடு ஞாயிற்றுக்கிழமை சதுரங்கம் ஆடுகிறவர். அவரிடம் போய் நான் என்ன கேட்பது? அவர் எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? கடை வரைக்கும் போனேன், தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினேன். இப்படி மூன்று தடவை. தலைவலி இல்லாத வீட்டில் மாத்திரை குவிந்தது.

கடைசியில் யோசித்தேன். வழவழப்புத்தானே வேண்டும்? இந்த ஊரில் தலைக்குத் தேங்காயெண்ணெய், தாளிக்கத் தேங்காயெண்ணெய், பிள்ளையைக் குளிப்பாட்டத் தேங்காயெண்ணெய், பூட்டு திறக்காவிட்டாலும் தேங்காயெண்ணெய். நல்லெண்ணெயிலே வளர்ந்த நான் அந்த வாசனைக்குப் பழகவே அஞ்சு வருஷம் ஆனது. பழகின பிறகு எதற்கெடுத்தாலும் அதுதான். நல்ல செக்கு எண்ணெயாக ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி வைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் போனது. முள் பன்னிரண்டிலிருந்து ஒன்பதுக்கு இறங்கியது. பிறகு ஆறு. நான் இன்னும் பலமாக இறுக்கினேன். நாலு. மார்கழி பிறந்தபோது முதல் நாளில் நின்ற அதே மூன்றாவது கோட்டில் வந்து நின்றது. மீனா வெளியிலிருந்து பத்து வரை எண்ணினாள். நான் உள்ளே முள்ளைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அது அசையவில்லை. என் உடம்பு அவ்வளவுதான், இனி இது திரும்பாது என்று நினைத்தேன். அண்ணனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ‘பரீட்சைத் தாள்’ என்று முதல் வரி எழுதினேன். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார், பேனாவை எடுத்துத் தன் சட்டைப்பையில் குத்திக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். “எனக்கு இது சரியாகாதும்மா. யாருக்காவது பிரயோஜனப்படட்டும்” என்று பையை மேசையில் வைத்தேன். மேரிக்குட்டி ரப்பர்க் குழலை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். விரலில் ஒட்டியது. ஊதிப்போய், ஓரத்தில் பிசுபிசுத்துக் கிடந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனாள்.

“இதுல என்ன தேச்சீங்க சேச்சி?”

“தேங்காயெண்ணெ.”

அவள் எழுந்து நின்றுவிட்டாள். “என்டெ கர்த்தாவே. சேச்சி, எங்க வீட்டுல எட்டு ஏக்கர் ரப்பர். அப்பச்சன் ரப்பர் ஷீட் அடிக்கிற ஷெட்டுக்குள்ள எண்ணெய்க் குப்பி கொண்டுபோக விடமாட்டார். எண்ணெ பட்டா ரப்பர் ஊதி, கெட்டுச் சீத்தையாயிப்போகும். இதுல காத்து நிக்கல. பின்ன முள்ளு எங்கே ஏற?” ரப்பர் வீட்டுப் பெண்ணிடம் ரப்பரைக் கொன்று கொண்டுபோய்க் கொடுத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மாற்றுக் குழல் ஒன்றுகூட மிச்சமில்லை. “படுங்க” என்றாள். கையுறை மாட்டி, இரண்டு விரலால் தானே சோதித்தாள். “இறுக்குங்க” என்றாள். இறுக்கினேன். வழக்கம்போல எண்ணினேன், பத்து வரை. எண்ணி முடித்து அவளைத் திரும்பிப் பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“சேச்சி, அசுகம் ரப்பருக்குத்தான். உங்களுக்கு இல்ல. நல்ல பிடி. முள்ளு இறங்குதுன்னு பயந்து பயந்து ரெட்டிப்பா வேலை செஞ்சிருக்கீங்க.”

அந்தக் கட்டிலிலேயே படுத்துக்கொண்டு அழுதேன், இந்தத் தடவை சந்தோஷத்தில். அப்புறம்தான் யோசித்துப் பார்த்தேன். மூன்று வாரமாக நான் வகுப்பில் தும்மி நாற்காலிக்கு ஓடவே இல்லை. முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தவள் புடவையைப் பார்க்க மறந்திருக்கிறேன். இனிமேல் கருவி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தும்மலோ இருமலோ வரப்போகிறது என்று தெரிந்ததும் முன்கூட்டியே இறுக்கிக்கொள்ள மேரிக்குட்டி பழக்கிக் கொடுத்தாள். நின்றுகொண்டு, நடந்துகொண்டு, குடம் தூக்கிக்கொண்டு, எல்லாவற்றுக்கும் பழகினேன்.

வீட்டுக்குப் போகிற வழியில் தாணு அண்ணாச்சி கடையில் ஏறினேன். ஆஸ்பத்திரிக்குப் புதுக் குழல் வரும்போது அடுத்தவளுக்கு ஜெல்லி வேண்டுமே.

“என்ன சிவகாமி, தலவலி மாத்திரையா?” என்றார்.

ஜெல்லியின் பெயரைச் சொல்லி, “ரெண்டு ட்யூப் தாங்க அண்ணாச்சி” என்றேன், கடையில் நின்ற நாலு பேருக்கும் கேட்கும்படி. அவர் பேசாமல் எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். இத்தனை நாள் நான் பயந்தது இதற்குத்தானா என்று இருந்தது.

6

தை மாதம், காலை பஸ். தம்பானூரில் ஏறும்போது கூஜா நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஊருக்குப் போகிற நாளில் விடியற்காலையிலிருந்தே ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டேன். இந்தத் தடவை நெய்யாற்றின்கரையில் பாதி குடித்தேன். களியக்காவிளை தாண்டியதும் மீதியைக் குடித்தேன். “அம்மா, மெள்ள” என்றாள் பக்கத்தில் இருந்த மீனா.

நாகர்கோவிலில் பஸ் நின்றபோதும் நான் இறங்கவில்லை. ஆரல்வாய்மொழிக் காற்று ஜன்னல் வழியாக அடித்தது, தூசியோடு. மூக்குக்குள் ஏறிவிட்டது என்று தெரிந்தது. ‘ஒந்நு’ என்று உள்ளே சொல்லி இறுக்கினேன். தும்மினேன். ஒரு தும்மல் இல்லை, நாலு. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். மீனா என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், ஒன்றுமில்லை என்று. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வள்ளியூர் வரை விடவில்லை. நான் தமிழ் சொல்லிக்கொடுத்து வாழ்கிறவள், ஆனால் என் இடுப்பு மலையாளத்தில்தான் எண்ணுகிறது.

திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில் அண்ணன் நின்றான். தலை முழுக்க நரைத்திருந்தது. தோளில் துண்டு இருந்தது. நான் காலிக் கூஜாவைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. “பைத்தியக்காரி, வந்துட்டியா” என்று மட்டும் சொன்னான்.

7

மதினி சிரிக்கவில்லை. வாங்க என்று சொன்னதும் கடமைக்குத்தான். கல்யாண வீட்டுச் சாமான் அறையில் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தபோது, கதவைச் சாத்திவிட்டு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கூஜா, முள், ரப்பர், எண்ணெய், எல்லாம். “உங்கள மறக்கல மதினி. நனைஞ்சு வந்து உங்க முன்னால நிக்கப் பயந்துதான் வரல.”

அவள் தேங்காயைக் கீழே வைத்தாள்.

“மீனா சடங்குக்கு நான் ஏன் வரலன்னு நெனச்ச?” என்றாள்.

“கௌரவம்னு நெனச்சேன்.”

“மார்த்தாண்டம் வரைக்கும் வந்தேன் சிவகாமி, ஒங்க அண்ணன்கூட. எனக்கும் பஸ்ல ஒன்ன மாதிரியே ஆயிட்டு. நீங்க போயிட்டு வாங்க, எனக்குத் தலசுத்துன்னு சொல்லி அடுத்த பஸ்ல திரும்பிட்டேன். அவருக்கு இன்னிவரைக்கும் தெரியாது.”

இரண்டு பேரும் ஒரே வழியில், ஒரே காரணத்துக்காக, எதிரும் புதிருமாகப் பயந்துகொண்டு இருந்திருக்கிறோம். அவளைக் கட்டிக்கொண்டேன். ஆறு வருஷம் அவளைத் திட்டியதெல்லாம் அந்தத் தேங்காய் மூட்டைக்குப் பக்கத்தில் தீர்ந்துபோனது. அன்றைக்கு ராத்திரி, மீனாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மேரிக்குட்டி சொன்ன பயிற்சியை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

மறுநாள் முகூர்த்தம். பெண் வீட்டார் வரிசையில் முதல் ஆளாக மதினி, அடுத்தது நான், எனக்குப் பின்னால் மீனா. கெட்டிமேளம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் மதினி பட்டுப்புடவையைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் சாய்ந்தாள்.

“இப்ப எண்ணலாமா?”

பின்னாலிருந்து மீனா மெதுவாக ஆரம்பித்தாள்: “ஒந்நு, ரண்டு, மூந்நு...” நாங்கள் இரண்டு பேரும் மணவறையைப் பார்த்தபடி, எதுவும் நடக்காதது போல உட்கார்ந்திருந்தோம். மீனா ஐந்து என்றபோது மதினி பெருமூச்சு விட்டுத் தோளைத் தளர்த்தினாள்.

“நாலுல விட்டுட்டேன்” என்றாள்.

“எனக்கு முதல் நாள் மூணுதான் மதினி” என்றேன்.